ஹில்டெகார்ட்: பாட்டு, எழுத்து, காட்சி மூணையும் சேத்து புரிஞ்சுக்கறது எப்படி

வருஷா வருஷம் செப்டம்பர் 17 வந்தா இந்த அம்மா பேரு சுத்த ஆரம்பிச்சிடும். உலகத்தோட முதல் பெண் இசையமைப்பாளர்னு ஒருத்தர் சொல்லுவாரு, அவங்க பார்த்ததா சொன்ன காட்சி எல்லாம் வெறும் மைக்ரேன் தலைவலிதான்னு இன்னொருத்தர், 800 வருஷமா சர்ச் இவங்களை கண்டுக்கவே இல்ல, 2012லதான் போனா போகுதுன்னு புனிதர் பட்டம் குடுத்தாங்கன்னு மூணாவது ஆள். நடுவுல யாராவது ஹில்டெகார்ட் பிஸ்கட் செய்முறையும் போட்டுடுவாங்க. இதுல எதுவுமே முழு பொய் இல்ல, அதான் தொல்லையே.

ஜெர்மனியில ரைன் நதிக்கரையில பிங்கன்னு ஒரு ஊரு, அதனால பிங்கன் ஹில்டெகார்ட். 1098ல பொறந்து 1179ல இறந்தாங்க. கத்தோலிக்க துறவி, மடத்து தலைவி, பெரிய பெரிய புத்தகம் எழுதினவங்க, 70க்கு மேல பாட்டு எழுதி மெட்டு போட்டவங்க. என்னைப் பொறுத்தவரை குழப்பம் எங்க ஆரம்பிக்குதுன்னா, இசை ஆளுங்க பாட்டை மட்டும் எடுத்துக்கறாங்க, டாக்டருங்க தலைவலியை எடுத்துக்கறாங்க, ஆன்மீக ஆளுங்க காட்சியை எடுத்துக்கறாங்க. அவங்க இருந்த இடத்துல இதெல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட் கிடையாது, எல்லாம் ஒரே வேலைதான். அதனால அந்த வேலை என்னங்கறதுலேர்ந்து போவோம்.

பாடறதுதான் அங்க வேலை

கத்தோலிக்க துறவிகள்ல ரொம்ப பழைய குடும்பம் ஆசீர்வாதப்பர் சபை. 6ம் நூற்றாண்டுல புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்னு சொன்னாலும் இவர்தான்) எழுதி வெச்ச ஒழுங்குப்படி, மடத்துல இருக்கறவங்க பகல்ல ஏழு தடவை, ராத்திரி எழுந்து ஒரு தடவை கூடி செபம் பண்ணணும். இதுக்கு நம்ம ஊரு கத்தோலிக்கர்கள் சொல்ற பேரு திருப்புகழ்மாலை. பைபிள்ல இருக்கற 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள்ள முடிக்கணும், அதுவும் லத்தீன்ல, பெரும்பாலும் பாட்டாவே. யோசிச்சு பாருங்க, தோட்ட வேலை, நெசவு, சமையல் எல்லாம் இந்த பாட்டுக்கு நடுவுல கிடைக்கற நேரத்துலதான். பாட்டு அங்க ஓய்வு நேர விஷயமே இல்ல.

இந்த உலகத்துக்குள்ள ஹில்டெகார்ட் சின்ன வயசுலயே போயிட்டாங்க. வசதியான பிரபு குடும்பம், பத்தாவது பிள்ளைன்னு சொல்வாங்க. "8 வயசு குழந்தையை நாலு சுவருக்குள்ள வெச்சு அடைச்சிட்டாங்க"ன்னு ஒரு கதை ரொம்ப பரவியிருக்கு, அதுல ரெண்டு விஷயம் ஒட்டிக்கிச்சு. 8 வயசுல அவங்களை கடவுளுக்குன்னு நேர்ந்து விட்டது ஒண்ணு. டிசிபோடன்பெர்க் மடத்துல உண்மையிலேயே உள்ள போயி கதவை சாத்தினது 1112 நவம்பர் 1ம் தேதி, புனிதர் அனைவர் திருவிழா அன்னைக்கு, அப்ப அவங்களுக்கு 14 வயசு. கூட போனவங்க யூட்டாங்கற ஒரு கவுன்ட் வீட்டு பொண்ணு, ஆறு வயசு மூத்தவங்க, இவங்களுக்கு குருவும் அவங்கதான். 14 வயசும் சின்ன வயசுதான், நான் அதை நியாயப்படுத்தல, ஆனா 8 வயசுலேர்ந்து இருட்டறைங்கற மாதிரி சொல்றது சரியில்ல.

யூட்டா சொல்லிக்குடுத்தது திருப்பாடல் புத்தகத்தை லத்தீன்ல படிக்கறது, பாடறது, அப்பறம் பத்து தந்தி இருக்கற ஒரு சின்ன வாத்தியம். அவ்வளவுதான் படிப்பு. பக்கத்துலயே ஆண் துறவிகளோட மடம், அவங்க பாட்டும் நாள் முழுக்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். யூட்டா ரொம்ப கடுமையான ஆளு, 1136ல அவங்க இறந்தப்ப உடம்பை கழுவினவங்க பார்த்தா இடுப்பை சுத்தி ஒரு சங்கிலி, அது அழுத்தி அழுத்தி சதையில மூணு வரி பள்ளமே விழுந்திருக்கு. அதை நேர்ல பார்த்ததாலயோ என்னமோ, ஹில்டெகார்ட் பின்னாடி மத்தவங்களுக்கு கடிதம் எழுதறப்ப உடம்பை ரொம்ப வதைக்காதீங்க, அளவோட இருங்கன்னுதான் திரும்ப திரும்ப சொல்றாங்க. யூட்டாவுக்கு அப்பறம் இவங்களைத்தான் தலைவியா தேர்ந்தெடுத்தாங்க, அப்ப வயசு 38. அதுவரைக்கும் ஒரு வரி எழுதி வெளிய காட்டினது இல்ல.

காட்சின்னா அவங்க எதை சொன்னாங்க

1141ல, தனக்கு 42 வருஷம் 7 மாசம் ஆனப்ப, வானம் திறந்து நெருப்பு மாதிரி ஒரு ஒளி தலை வழியா நெஞ்சுக்குள்ள இறங்கிச்சு, திருப்பாடலோட, நற்செய்தியோட அர்த்தம் எல்லாம் டக்குனு புரிஞ்சிடுச்சுன்னு அவங்களே எழுதறாங்க. பார்க்கறதை, கேக்கறதை எழுதுன்னு கட்டளையும் வந்துச்சாம். பயந்துக்கிட்டு எழுதாம இருந்தாங்க, படுத்த படுக்கையாயிட்டாங்க.

இங்க ஒரு விஷயம் பலர் தப்பா பிடிச்சிக்கறாங்க. காட்சின்னு சொன்னதும் கண்ணு செருகி, மயங்கி, சாமி வந்த மாதிரின்னு நினைச்சிடறோம். வயசான காலத்துல, 1175 வாக்குல, குய்பெர்ட்னு ஒரு துறவி இதைப் பத்தி நேராவே கேட்டு எழுதினப்ப அவங்க குடுத்த பதில் அதுக்கு நேர் எதிரானது. கனவு இல்ல, மயக்கம் இல்ல, முழிச்சுக்கிட்டு, கண்ணு திறந்து இருக்கறப்பவே உள்ளுக்குள்ள தெரியுது, ராத்திரி பகல்னு இல்ல, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்ங்கறாங்க. எப்பவும் தெரியற அந்த வெளிச்சத்துக்கு அவங்க வெச்ச பேரு உயிருள்ள ஒளியின் நிழல். அதுக்குள்ள எப்பவாவது அபூர்வமா இன்னொரு வெளிச்சம் தெரியும், அதுதான் உயிருள்ள ஒளி, அது எப்படின்னு சொல்ல முடியாதுன்னு நிறுத்திக்கறாங்க.

மைக்ரேன் கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல சார்லஸ் சிங்கர்னு ஒரு மருத்துவ வரலாற்று ஆய்வாளர் அவங்க புத்தகத்து ஓவியத்துல இருக்கற மினுக்குற நட்சத்திரம், கோட்டைச்சுவர் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற கோடு எல்லாம் மைக்ரேன் வர்றதுக்கு முன்னாடி கண்ணுல தெரியற ஒளி மாதிரியே இருக்கேன்னு எழுதினாரு, அப்பறம் நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் அதை பிரபலமாக்கினாரு. அவங்களுக்கு அடிக்கடி உடம்பு முடியாம போனது உண்மைதான், அதனால இருக்கலாம். ஆனா 900 வருஷத்துக்கு முந்தின ஆளை ஓவியத்தை வெச்சு டயக்னோஸ் பண்றதுல எவ்வளவு உறுதி இருக்க முடியும்? மைக்ரேனே இருந்திருந்தாலும் அது மினுக்கற ஒளிக்கு வேணா காரணம் சொல்லும். அந்த ஒளியிலேர்ந்து படைப்பு, வீழ்ச்சி, மீட்புன்னு பத்து வருஷம் உக்காந்து ஒரு பெரிய புத்தகத்தை கட்டினதுக்கு அது காரணம் சொல்லாது. நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம், ஆனா "வெறும்" தலைவலின்னு சொல்றதுல அந்த "வெறும்" மட்டும் எனக்கு ஒத்துக்க முடியல.

எழுத்து நடந்த விதம்

அந்த முதல் புத்தகம் ஸ்கிவியாஸ். கடவுளோட வழிகளை அறிஞ்சுக்கோங்கற மாதிரி பேரு. மொத்தம் 26 காட்சி, மூணு பாகம். ஒவ்வொண்ணுலயும் முதல்ல என்ன பார்த்தாங்கன்னு சொல்லிட்டு அப்பறம் துண்டு துண்டா விளக்கம் வரும். 1141ல ஆரம்பிச்சு 1151 வரைக்கும் இழுத்துச்சு.

எப்படி எழுதினாங்கங்கறதுக்கு அந்த புத்தகத்து முதல் ஓவியத்தையே பாக்கலாம். அவங்க உக்காந்திருக்காங்க, மேலேர்ந்து நெருப்பு நாக்கு தலையில இறங்குது, மடியில மெழுகு பலகை, கையில கூரான எழுத்தாணி, பக்கத்துல ஒரு ஜன்னல் மாதிரி இடத்துலேர்ந்து ஒரு துறவி தலையை மட்டும் உள்ள நீட்டி எட்டி பாக்குறாரு. அவருதான் ஃபோல்மார். இவங்க மெழுகுல எழுதுவாங்க இல்ல சொல்லுவாங்க, அவரு லத்தீன் இலக்கணத்தை மட்டும் சரி பண்ணி எழுதறதுக்குன்னு பதப்படுத்தின தோல்ல ஏத்துவாரு, கருத்துல கை வைக்கக்கூடாது. 1173ல அவரு சாகற வரைக்கும் இதே ஏற்பாடுதான்.

அவங்க தன்னை எப்பவும் "படிக்காத பெண்"ணுன்னே சொல்லிக்கறாங்க. இதை அப்படியே நம்பி எழுத்தறிவே இல்லாதவங்கன்னு சிலர் எழுதறாங்க, இல்ல இது சும்மா பணிவுன்னு சிலர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு விஷயம் இருக்கு. பள்ளிக்கூடத்துல முறையா லத்தீன் இலக்கணமும் தர்க்கமும் படிக்கலங்கறது நிஜம். அந்த காலத்துல ஒரு பொண்ணு சொந்த அறிவுல வேதத்துக்கு விளக்கம் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அனுமதியும் கிடையாது. ஆனா கடவுள் சொல்ல சொல்ல எழுதற இறைவாக்கினரா இருந்தா ஆணா பொண்ணாங்கற கேள்வியே எழாது. நான் ஒண்ணும் தெரியாதவ, சொல்றது நான் இல்லங்கறதுதான் அவங்க பேசறதுக்கான அனுமதிச்சீட்டே. அவங்க திட்டம் போட்டு அப்படி சொன்னாங்கன்னு நான் சொல்லல, மனசார நம்பித்தான் சொல்லியிருப்பாங்க, இருந்தாலும் அது வேலை செஞ்ச விதம் இதுதான்.

அதுக்காக மேலிடத்து ஒப்புதலும் தேடினாங்க. அப்ப ரொம்ப செல்வாக்கா இருந்த புனித பெர்னார்துக்கு கடிதம் போட்டாங்க. 1147-48ல திருத்தந்தை (போப்) மூன்றாம் யூஜின் ட்ரியர் நகரத்துல இருந்தப்ப, எழுதி முடிச்ச வரைக்கும் ஸ்கிவியாஸை வரவழைச்சு சபையில படிச்சு காட்டினாருன்னு அவங்க வாழ்க்கை வரலாறு சொல்லுது. அதுக்கப்பறம் பேரு எங்கேயோ போயிடுச்சு. பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவுக்கு கண்டிச்சு கடிதம் எழுதற அளவுக்கு. கிட்டத்தட்ட 400 கடிதம் இன்னைக்கும் இருக்கு, பெரிய புத்தகம் இன்னும் ரெண்டு, செடி கொடி மருந்து பத்தின எழுத்து வேற, சொந்தமா 23 எழுத்தும் ஆயிரம் வார்த்தை கிட்டயும் வெச்சு ஒரு மொழி வேற உண்டாக்கினாங்க, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க.

அந்த மருந்து எழுத்தைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை. ஸ்பெல்ட்ங்கற கோதுமை வகை, ஜாதிக்காய் எல்லாம் அதுல இருக்கறது உண்மை. ஆனா இன்னைக்கு நமக்கு கிடைக்கற பிரதிகள் அவங்க இறந்து ரொம்ப நாள் கழிச்சு எழுதினது, எது அவங்க வார்த்தை எது சேத்ததுன்னு பிரிக்கறது கஷ்டம். ஹில்டெகார்ட் மருத்துவம்னு பேரு போட்டு விக்கறது 20ம் நூற்றாண்டு சமாச்சாரம்.

இதுவரைக்கும் பார்த்தது: நாளுக்கு எட்டு தடவை பாட்டா செபம் பண்ற மடம், முழிச்சிருக்கறப்பவே உள்ளுக்குள்ள தெரியற காட்சி, அதை எழுத இறைவாக்கினர்ங்கற நிலை. இப்ப பாட்டுக்கு வருவோம்.

பாட்டு: தாளம் இல்ல, சுருதி பெட்டி இல்ல, ஒரே குரல் கோடு

ஸ்கிவியாஸோட கடைசி காட்சியை எடுத்துக்கோங்க. அதுல அவங்க பாக்கறது ஒண்ணும் பெருசா இல்ல, ஒளி நிறைஞ்ச காத்து, அதுக்குள்ளேர்ந்து விண்ணகத்துல இருக்கறவங்க பாடறது கேக்குது. உடனே 14 பாட்டோட வரிகள் வருது, அதுக்கப்பறம் ஒரு குட்டி நாடகம். அதாவது காட்சி, எழுத்து, பாட்டு மூணும் ஒரே புத்தகத்துல ஒரே பக்கத்துல வந்து முட்டுது. பாட்டை தனியா ஒரு திறமைன்னு பாக்கறவங்களுக்கு இந்த இடத்தைத்தான் நான் காட்டுவேன்.

அந்த இசை எப்படி இருக்கும்? அன்னைக்கு சர்ச்சுல பாடினது ஒற்றைக்குரல் இசை, அதாவது எத்தனை பேரு பாடினாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவாங்க, கார்ட்ஸ் ஹார்மனி எதுவும் கிடையாது. நமக்கு புரிய வைக்க கச்சேரியில பாடற விருத்தம்தான் சரியான உதாரணம்னு நினைக்கறேன். விருத்தத்துல தாளம் இருக்காது, மிருதங்கம் சும்மா இருக்கும், வார்த்தையோட அர்த்தத்துக்கும் மூச்சுக்கும் ஏத்த மாதிரி மெட்டு நீளும் சுருங்கும், ஒரு இடத்துல ஒரே எழுத்துல நின்னு பத்து பன்னெண்டு சுரம் சுத்தி வருவாங்க. ஹில்டெகார்ட் பாட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே அசையில பல சுரம் இழுக்கறதுக்கு மெலிஸ்மான்னு பேரு. ஒரு பெரிய வித்தியாசம் என்னன்னா விருத்தத்துல பாடகர் அந்த நிமிஷம் கற்பனை பண்ணி பாடுவாரு, இங்க எல்லா சுரமும் எழுதி வெச்சது, இருபது பேரு சேந்து ஒரே மாதிரி பாடணும்.

அந்த காலத்து மத்த சர்ச் பாட்டோட ஒப்பிட்டா இவங்களோடது எங்க வேறன்னா, முதல்ல ஏற்ற இறக்கம். சாதாரணமா ஒரு பாட்டு ஒரு ஸ்தாயிக்குள்ள, கொஞ்சம் முன்ன பின்ன சுத்திக்கிட்டு இருக்கும். இவங்களோடது சர்வசாதாரணமா ஒன்றரை ஸ்தாயி போகும், சிலது ரெண்டு ஸ்தாயியையும் தாண்டும். ஆரம்பத்துலயே கீழ் ஸ-லேர்ந்து ஒரே தாவா ப, அங்கேர்ந்து மேல் ஸ-ன்னு ஏறிடறது அவங்க கையெழுத்து மாதிரி, பல பாட்டுல வரும். பாடி பாருங்க, அடிவயித்துலேர்ந்து மூச்சு எடுக்காம முடியாது. அடுத்தது வரிகள். எதுகை, சீர் எண்ணிக்கைன்னு கட்டுப்பாடு இல்லாத உரைநடை மாதிரியான கவிதை, பனித்துளி, தேன்கூடு, ரத்தினம், விடியல், முக்கியமா பச்சை. மரத்துல ஓடற பச்சையும் கடவுளோட உயிர் சக்தியும் அவங்களுக்கு ஒண்ணுதான், மரியன்னையை பாடறப்ப பச்சை பசேல்னு துளிர்த்த கிளையேன்னுதான் கூப்பிடறாங்க.

இந்த பாட்டு எல்லாம் கச்சேரிக்கு எழுதினது இல்லங்கறதை ஞாபகம் வெச்சுக்கணும். பெரும்பாலானது முன்மொழி, அதாவது ஒரு திருப்பாடலுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாடற சின்ன பாட்டு. அப்பறம் மறுமொழி, வாசகத்துக்கு அப்பறம் ஒருத்தர் பாட மத்தவங்க பதில் பாடறது. திருப்பலியில, அதாவது சர்ச் பூசையில, நற்செய்திக்கு முன்னாடி வர்ற தொடர்பாடலும் கொஞ்சம் இருக்கு. எல்லாத்துக்கும் அந்த எட்டு வேளையில, இல்ல திருப்பலியில ஒரு இடம் உண்டு. மொத்தம் 77 பாட்டுன்னு வழக்கமா எண்ணுவாங்க.

நாடகம் தனி. ஸ்கிவியாஸ் கடைசியில வந்த அந்த குட்டி நாடகத்தை பெருசாக்கி முழுக்க மெட்டு போட்டாங்க, பேரு ஓர்டோ விர்ட்டூட்டும், நற்பண்புகளோட நாடகம். ஒரு ஆன்மா, அதை காப்பாத்த வர்ற பணிவு, அன்பு, கற்பு, பொறுமைன்னு நற்பண்புகள் எல்லாம் பெண் பாத்திரங்க, எதிர்ல பிசாசு. எல்லாரும் பாடுவாங்க, பிசாசுக்கு மட்டும் மெட்டே கிடையாது, வெறுமனே கத்தி பேசணும், அவ்வளவுதான். பாட்டை இழந்தவன்தான் பிசாசுங்கறது அவங்க இறையியல், இது பின்னாடி ஒரு சண்டையில ரொம்ப சீரியஸா திரும்ப வரும்.

ஒரே பாட்டை ரெண்டு பேரு பதிவு பண்ணியிருந்தா ஏன் அடையாளமே தெரியாத அளவுக்கு வேற வேற மாதிரி இருக்குன்னு கேப்பாங்க. காரணம் அந்த சுவடிகள்தான். டென்டர்மோண்டே சுவடி, ரீசன்கோடெக்ஸ்னு ரெண்டு கையெழுத்து பிரதி இருக்கு, ரெண்டும் அவங்க காலத்தை ஒட்டினது. அதுல கோடு போட்டு சுரக்குறி எழுதியிருக்காங்க, அதனால எந்த சுரம்ங்கறது தெளிவா தெரியும். எவ்வளவு நேரம் பிடிக்கணும்ங்கறது எழுதல. வாத்தியம், பின்னணியில ஒரே சுருதி பிடிக்கறது, தாளம் தட்டறது எல்லாம் இன்னைக்கு பாடறவங்க சேக்கறது. தப்புன்னு சொல்லல, ஆனா அது அவங்க எழுதினது இல்ல.

ரீசன்கோடெக்ஸ்னா ராட்சச சுவடின்னு அர்த்தம், எடை 15 கிலோ. வீஸ்பாடன் நூலகத்து சொத்து. ரெண்டாம் உலகப் போர்ல பாதுகாப்புக்குன்னு இதையும் தங்க ஓவியம் போட்ட ஸ்கிவியாஸ் சுவடியையும் டிரெஸ்டன் பேங்க் லாக்கருக்கு அனுப்பினாங்க, 1945க்கு அப்பறம் ராட்சச சுவடி மட்டும் மிஞ்சிச்சு, ஸ்கிவியாஸ் காணாமலே போச்சு. நல்ல காலம், போருக்கு முன்னாடியே ஐபிங்கன் மடத்து சகோதரிகள் உக்காந்து, 1927லேர்ந்து 1933 வரைக்கும், ஓவியம் உட்பட முழுசையும் தோல்ல கையாலயே காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க. இன்னைக்கு நாம பாக்கற கலர் படம் எல்லாம் அந்த காப்பியிலேர்ந்துதான்.

அப்ப "முதல் பெண் இசையமைப்பாளர்"ங்கறது? இல்ல. இவங்களுக்கு 300 வருஷத்துக்கு முன்னாடியே கான்ஸ்டான்டிநோபிள்ல காஸியான்னு ஒரு துறவி பாட்டு எழுதி மெட்டு போட்டிருக்காங்க, கிழக்கத்திய சர்ச்சுல இன்னைக்கும் புனித வாரத்துல அதை பாடறாங்க. ஹில்டெகார்டோட சிறப்பு முதல்ங்கறதுல இல்ல, அந்த நூற்றாண்டுல பேரு தெரிஞ்ச ஒருத்தரோட பாட்டு இத்தனை மொத்தமா மிஞ்சியிருக்கறது ஆண்கள்லயே ரொம்ப அபூர்வம்.

புது மடம், கொஞ்சம் உரசல்

பேரு வந்ததும் 1150 வாக்குல தன் சகோதரிகளை கூட்டிக்கிட்டு பிங்கன் பக்கத்துல ரூபர்ட்ஸ்பெர்க்குக்கு போகணும்னாங்க. டிசிபோடன்பெர்க் மடாதிபதி கூனோ விடல. விடுவாரா, இவங்களாலதான் கூட்டம் வருது, இந்த பொண்ணுங்க கொண்டு வந்த சீர் நிலபுலன் எல்லாம் மடத்து கணக்குல இருக்கு. இவங்க படுத்துட்டாங்க, கல்லு மாதிரி, மடாதிபதியே வந்து தலையை தூக்கி பார்த்தாரு, அசையல. அப்பறம்தான் விட்டாரு. சொத்து பிரச்சினை 1158 வரைக்கும் இழுத்துச்சு.

புது மடத்துல பாட்டோட சேத்து இன்னொண்ணும் பண்ணாங்க. திருவிழா நாள்ல சகோதரிகள் முடியை விரிச்சு விட்டு, தரை வரைக்கும் வெள்ளை பட்டு முக்காடு, தலையில தங்க கிரீடம்னு நின்னு பாடுவாங்க. இதை கேள்விப்பட்டு ஆண்டர்நாக்குல இருந்த ஒரு மடத்து தலைவி மரியாதையா, ஆனா குத்தலா ஒரு கடிதம் போட்டாங்க, இது என்ன அலங்காரம், பிரபு வீட்டு பொண்ணுங்களை மட்டும்தான் சேக்கறீங்களாமே, இயேசு மீனவர்களை இல்ல கூப்பிட்டாருன்னு. ஹில்டெகார்ட் பதில் என்ன தெரியுமா, மாடு, கழுதை, செம்மறி, வெள்ளாடு எல்லாத்தையும் ஒரே தொழுவத்துல யாராவது கட்டுவாங்களான்னு. புரட்சி பெண்மணின்னு அவங்களை கொண்டாடறவங்க இந்த கடிதத்தை சொல்லாம தாண்டி போயிடுவாங்க. அந்த காலத்து பிரபு குலத்து மனசு அவங்களுக்கும் இருந்துச்சு, நமக்கு இது நல்லாவே புரியும்.

பாட்டை நிறுத்து: 1178

அவங்களுக்கு 80 வயசு. மடத்து கல்லறையில ஒரு பிரபுவை அடக்கம் பண்ணாங்க. அவரு ஒரு காலத்துல சபை விலக்கு செய்யப்பட்டவரு, அதாவது திருவருட்சாதனங்களும் சர்ச் அடக்கமும் கிடையாதுன்னு தள்ளி வெச்சவரு. சாகறதுக்கு முன்னாடி சமாதானம் ஆயிட்டாரு, குருவானவரே வந்து அடக்கம் பண்ணாருங்கறது ஹில்டெகார்ட் தரப்பு. மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிங்க ஒத்துக்கல, பேராயர் இத்தாலியில இருந்த நேரம், உடலை தோண்டி வெளிய போடுன்னு உத்தரவு. இவங்க முடியாதுன்னுட்டாங்க. கைத்தடியை எடுத்துக்கிட்டு போயி எந்த இடம்னு தெரியாதபடி கல்லறை அடையாளத்தையே கலைச்சாங்கன்னு சொல்வாங்க.

உடனே வந்துச்சு வழிபாட்டுத் தடை, ஒரு இடத்துல வழிபாட்டையே நிறுத்தி வைக்கற தண்டனை. திருப்பலி இல்ல, நற்கருணை இல்ல, திருப்புகழ்மாலையை பாடக்கூடாது, கதவை சாத்திக்கிட்டு தாழ்ந்த குரல்ல வாசிக்கலாம். வெளியாளுக்கு இது பெரிய தண்டனையா தெரியாது, வாசிக்கத்தான் விட்டாங்களேன்னு தோணும். முதல்ல சொன்ன அந்த எட்டு வேளை கணக்கை வெச்சு பாருங்க, ஒரு மடத்தோட மொத்த நாளும் ஊமையாயிடுச்சு. அதுவும் மாசக்கணக்குல.

அவங்க தடையை மீறல. கீழ்ப்படிஞ்சாங்க, பாட்டை நிறுத்தினாங்க, உடலை மட்டும் தோண்டல, உக்காந்து மைன்ஸ் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அவங்க இசையை பத்தி என்ன நினைச்சாங்கங்கறதுக்கு இருக்கற ரொம்ப முக்கியமான ஆவணம் இந்த கடிதம்தான், சண்டை வரலன்னா இது எழுதப்பட்டே இருக்காது. சாராம்சம் இது: ஆதாம் பாவம் செய்யறதுக்கு முன்னாடி வானதூதர்களோட சேந்து பாடற குரல் அவனுக்கு இருந்துச்சு, வீழ்ச்சியில அதை தொலைச்சிட்டான். இறைவாக்கினர்கள் பாட்டையும் வாத்தியத்தையும் உண்டாக்கினது அந்த இழந்த குரலை மனுஷன் திரும்ப நினைச்சு பாக்கறதுக்கு. பிசாசுக்கு அது பொறுக்கல, அதனால எங்க பாட்டு இருக்கோ அங்க குழப்பம் உண்டாக்குறான். மனுஷ ஆன்மாவே இசையால ஆனது. ஆகவே சரியான காரணம் இல்லாம கடவுளோட புகழ்ச்சியை வாய் மூட வைக்கறவங்களுக்கு விண்ணகத்துல வானதூதர் பாட்டுல இடம் இருக்காது, ஜாக்கிரதை.

யோசிச்சு பாருங்க, அந்த அதிகாரிங்க எந்த பக்கம் நிக்கறாங்கன்னு பேரு சொல்லாமலே சொல்லியாச்சு. பிசாசுக்கு மெட்டு குடுக்காத அந்த நாடகத்தை எழுதினவங்களேதான் இதையும் எழுதறாங்க. கடைசியில பேராயருக்கே நேரா எழுதி, அந்த மனுஷன் பாவமன்னிப்பு வாங்கினதுக்கு சாட்சியும் வந்து, 1179 மார்ச்சுல தடை நீங்கிச்சு. அதே வருஷம் செப்டம்பர் 17 அவங்க இறந்தாங்க.

அப்ப 2012 வரைக்கும் புனிதை இல்லையா?

புனிதர் பட்டம்னா சர்ச் ஒருத்தரை புனிதர் ஆக்கறது இல்ல, இவரு விண்ணகத்துல இருக்காரு, உலகம் பூரா வணங்கலாம்னு அதிகாரப்பூர்வமா அறிவிக்கறது. ரொம்ப காலம் அந்தந்த ஊரு மக்களும் ஆயரும் சேந்து முடிவு பண்றதுதான். 13ம் நூற்றாண்டுல திருத்தந்தை கையில மட்டும்னு ஆச்சு, விசாரணை, சாட்சி, புதுமைன்னு கோப்பு வந்துச்சு. ஹில்டெகார்ட் கோப்பு அந்த புது முறையில மாட்டின ஆரம்ப கால கோப்புகள்ல ஒண்ணு. ஒன்பதாம் கிரகோரி காலத்துல, 1233ல விசாரணை முடிச்சு ரோமுக்கு அனுப்பினாங்க, சாட்சிங்க பேரு ஊரு விவரம் எல்லாம் ஒழுங்கா இல்லன்னு திருப்பி விட்டாங்க, சரி பண்ண முயற்சி பண்ணாங்க, அப்படியே நின்னு போச்சு. யாரும் நிராகரிக்கல, பேப்பர் வேலைதான் முடியல.

ஆனா மக்கள் நிறுத்தல. 16ம் நூற்றாண்டு கடைசியிலயே ரோமோட அதிகாரப்பூர்வ புனிதர் பட்டியல் புத்தகத்துல அவங்க பேரு வந்திடுச்சு, ஜெர்மனியில திருவிழாவும் நடந்துச்சு. ரூபர்ட்ஸ்பெர்க் மடம் முப்பதாண்டு போர்ல 1632ல அழிஞ்சுது, திருப்பண்டம், அதாவது அவங்க உடலோட மிச்சம், இப்ப ரைனுக்கு அந்தப்பக்கம் ஐபிங்கன் பங்கு கோயில்ல இருக்கு. 2012 மே 10ம் தேதி திருத்தந்தை 16ம் பெனடிக்ட் புதுசா விசாரணை எதுவும் வைக்காம, ஏற்கெனவே காலங்காலமா இருக்கற வணக்கத்தை உலகத்துக்கே பொதுவாக்கினாரு. இப்படி ஒரு வழி சர்ச் சட்டத்துல ரொம்ப நாளா உண்டு. ஏன் அந்த வருஷம்னா, அக்டோபர் 7ம் தேதி அவங்களை மறைவல்லுநர்னு அறிவிக்க வேண்டியிருந்துச்சு, அதாவது யாரோட போதனை முழு சர்ச்சுக்கும் பாடமோ அவங்களுக்கு குடுக்கற பட்டம். அதுக்கு முன்னாடி புனிதர்ங்கறதுல சந்தேகமே இருக்கக்கூடாது. அவிலா தெரசா, சியன்னா கத்தரீன், லிசியே தெரேசுக்கு அப்பறம் இந்த பட்டம் வாங்கின நாலாவது பெண் இவங்க.

கேக்க ஆரம்பிக்கணும்னா வாத்தியம் நிறைய சேத்த பதிவுகளை கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு, பெண் குரல் மட்டும் இருக்கற பதிவா பாத்து எடுங்க. புனித மாக்சிமினை பத்தின "கொலும்பா ஆஸ்பெக்சிட்"ங்கற தொடர்பாடல் நல்ல ஆரம்பம், ஜன்னல் கம்பி வழியா புறா எட்டி பாக்கறதுலேர்ந்து தொடங்கும். முதல் தடவை அர்த்தம் தெரியாமலே கேளுங்க, ரெண்டாவது தடவை மொழிபெயர்ப்பை பக்கத்துல வெச்சுக்கோங்க, எந்த வார்த்தையில மெட்டு மேல ஏறுதுன்னு தெரியும்.